கதவு வைத்த மரத்தைத் தேடி

அக்டோபர் 9, வியாழன். ஆங்கர்விக்

எல்லாம் ஒரு குச்சியில் ஆரம்பித்தது. போன வாரம் பேரனுக்கு டைனோசர் காட்ட லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தோம். அவன் எலும்புக்கூட்டைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்த நேரத்தில் நான் வேறொரு கூடத்தில் கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றுவிட்டேன். உள்ளே கறுத்துப்போன மரத்துண்டு. ஒன்றேகால் அடிக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். முனை கூர். 1911ல் கிளாக்டன் என்ற கடற்கரை ஊரில் மண்ணுக்குள் கிடைத்த ஈட்டி முனையாம். வயது ஏறக்குறைய 4 லட்சம் வருஷம். மரம், யூ (yew) என்ற ஊசியிலை மரம்.

அம்பாசமுத்திரத்தில் எங்கள் அப்பா தச்சு வேலை செய்தவர். எங்கள் பட்டறையில் ஈட்டி என்றால் மரத்தின் பெயர், தோதகத்தி. இங்கே மரத்தில் செய்த ஈட்டி. மேசை மேல் வைத்த பூவரசம் பலகை நாற்பது வருஷம் தாங்கினால் அப்பா மீசையைத் தடவிக்கொள்வார். 4 லட்சம் வருஷம் என்றால் என்ன செய்திருப்பாரோ.

வீட்டுக்கு வந்து இதையே பேசிக்கொண்டிருந்தேன் போல. மகள் சலித்துப்போய், "அப்பா, நீங்களும் அவரும் போய் அந்த மரத்தைப் பாத்துட்டு வந்துடுங்க. நாங்க நிம்மதியா இருப்போம்" என்றாள். மாப்பிள்ளைக்கு எடுக்காத லீவு மிச்சம் இருந்தது. இணையத்தில் தேடி, சரே மாவட்டத்தில் குரோஹர்ஸ்ட் என்ற ஊரில் அடிமரத்துக்குக் கதவே வைத்த யூ மரம் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். அதைப் பார்ப்பதென்று முடிவானது. நடுவில் வேறு நாலு இடமும் சேர்ந்துகொண்டது.

இன்று வெள்ளோட்டம். மகள் வீடு இருக்கும் ஸ்லவ்விலிருந்து இருபது நிமிஷத்தில், தேம்ஸ் ஓரம் ஆங்கர்விக். இரவு பெய்த மழையில் வயல் வழி முழுக்கச் சேறு. நான் போட்டிருந்தது கல்யாண வீட்டுக்குப் போகும் ஷூ. தலைக்கு மேல் ஹீத்ரோ விமானங்கள் ஒன்றன் பின் ஒன்றாக இறங்கிக்கொண்டே இருந்தன. அந்த இரைச்சலுக்குக் கீழே 8 மீட்டர் சுற்றளவுள்ள அடிமரம், உள்ளே கூடு விழுந்து, பல மரங்களை முறுக்கிக் கட்டியதுபோல் நிற்கிறது. ஆற்றுக்கு எதிர்க்கரை ரன்னிமீட். 1215ல் ஜான் மன்னன், அரசனின் அதிகாரத்துக்கே கடிவாளம் போட்ட மேக்னா கார்ட்டா சாசனத்துக்கு முத்திரை வைத்தது அங்கேதான். இல்லை, இந்த மரத்தடியில்தான் என்று சொல்பவர்களும் உண்டு. கிளைகளில் யாரோ ரிப்பன்களும் துணித்துண்டுகளும் கட்டியிருக்கிறார்கள். நம்மூர்க் கோயில் மரத்தில் தொட்டில் கட்டுவது ஞாபகம் வந்தது. வேண்டுதல் எந்த ஊரிலும் துணியாகத்தான் தொங்கும் போலிருக்கிறது.

இலை கரும்பச்சை, தட்டையான ஊசி. நடுநடுவே சிவப்புப் பழங்கள், குன்றிமணியைவிடக் கொஞ்சம் பெரிது, கிண்ணம் மாதிரி வாய் திறந்து. நான் கையை நீட்டியதும் மாப்பிள்ளை பதறிவிட்டார்.

"மாமா, தொட்டுட்டு வாயில வச்சிடாதீங்க! சிவப்புச் சதையைத் தவிர எல்லாமே விஷம். இலை, பட்டை, விதை எல்லாம். மாடு, குதிரை தின்னா செத்துப்போயிடும்."

சர்ச் வளாகங்களில் இந்த மரம் இருப்பதற்கே அதுதான் காரணம் என்று ஒரு விளக்கம் சொல்கிறார்கள்: விஷ மரம் இருந்தால் ஊரார் மாடுகளைக் கல்லறைப் பக்கம் விட மாட்டார்கள். இன்னொரு விளக்கம், வில் செய்ய வளர்த்தார்கள் என்பது. மாப்பிள்ளை இரண்டாவது கட்சி. "இதுல வில் செஞ்சுதான் மாமா 1415ல பிரான்ஸ்காரனை அஜின்கோர்ட்ல அடிச்சாங்க."

நான் மரத்தைச் சுற்றி வந்தேன். முடிச்சும் திருகலும். நேராக ஓர் ஆள் உயரத்துக்குக் கட்டை எடுக்க இதில் இடமே இல்லை. எடுத்திருந்தால் எப்படி எடுத்தார்கள்? கேட்கவில்லை. வண்டி ஓட்டுபவரோடு முதல் நாளே வாதம் வேண்டாம்.

அக்டோபர் 10, வெள்ளி. குரோஹர்ஸ்ட், டோவர்

இன்று தவறிய தவறை நான் சாகும்வரை மாப்பிள்ளைக்கு நினைவூட்டுவேன்.

கைப்பேசியில் குரோஹர்ஸ்ட் என்று அடித்தார். அது காட்டிய வழியில் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் ஓட்டினோம். ஊர் வந்தது. செயின்ட் ஜார்ஜ் சர்ச் வந்தது. வளாகத்தில் பழைய யூ மரமும் இருந்தது. கதவைத்தான் காணோம். சுற்றிச் சுற்றி வந்தோம். கல்லறையில் பூ வைத்துக்கொண்டிருந்த பாட்டியம்மாவிடம் மாப்பிள்ளை போய்க் கேட்டார். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "நீங்கள் தேடுவது சரேயில் இருக்கிற குரோஹர்ஸ்ட். இது கிழக்கு சசெக்ஸ்." இரண்டு ஊருக்கும் ஒரே பெயர், இரண்டிலும் செயின்ட் ஜார்ஜ் சர்ச், இரண்டிலும் கிழட்டு யூ மரம். வீட்டிலிருந்து பாதித் தூரத்தில் இருப்பதை விட்டுவிட்டு ஹேஸ்டிங்ஸ் பக்கம் வந்து நிற்கிறோம்.

எங்களைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். பாட்டி இந்த மரத்துக்கும் ஒரு கதை வைத்திருந்தார். 1066ல் நார்மன் படை வந்தபோது, ஹரால்ட் மன்னனின் புதையல் எங்கே என்று கேட்டு ஊர் அதிகாரியை மிரட்டினார்களாம். அவர் சொல்லவில்லை. இந்த மரத்தில் தூக்கில் போட்டுவிட்டார்களாம். சொல்லிவிட்டு, "தேநீர் குடித்தீர்களா?" என்று கேட்டு, கைப்பையிலிருந்து இரண்டு இஞ்சி பிஸ்கட் எடுத்துக் கொடுத்தார். தூக்குக் கதைக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவில் மூச்சுகூட விடவில்லை.

இவ்வளவு கிழக்கே வந்தாயிற்று, திரும்பிப் போவானேன் என்று டோவருக்கு விட்டோம். பெயர்பெற்ற வெள்ளைப் பாறைகள் மூடுபனிக்குள். ஓட்டலில் மாப்பிள்ளைக்குச் சைவமாகக் கிடைத்தது ஜாக்கெட் பொட்டேட்டோ. தோலோடு சுட்ட உருளைக்கிழங்கைப் பிளந்து மேலே பீன்ஸ் கொட்டியிருக்கிறார்கள், 8 பவுண்ட் 95. "சட்டை போட்டதுக்கே ஆயிரம் ரூபாயா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. வழி தப்பிய சோகம்.

ஆனால் தப்பியதும் நல்லதுக்குத்தான். டோவர் அருங்காட்சியகத்தில் மங்கிய வெளிச்சத்தில் ஒரு படகு கிடக்கிறது. 1992ல் சாலை வேலைக்குத் தோண்டியபோது 6 மீட்டர் ஆழத்தில் அகப்பட்டது. சுமார் 3,500 வருஷப் பழசு. ஒன்பதரை மீட்டர்தான் எடுக்க முடிந்தது, மிச்சம் இன்னும் மண்ணுக்குள். பலகையெல்லாம் ஓக். ஆணி ஒன்றுகூட இல்லை. பலகையையும் பலகையையும் தைத்திருக்கிறார்கள். நூல் எது தெரியுமா? யூ மரத்தின் இளங்கிளை. பச்சையாக வெட்டி, நார் பிரியும்வரை முறுக்கி, கயிறுபோல் துளைகளில் விட்டு இழுத்திருக்கிறார்கள். இடுக்கில் பாசி திணித்து அடைத்திருக்கிறார்கள்.

நான் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தேன். விரல் தடிமனில் முறுக்கு. கயிற்றில் தெரிகிற அதே புரி. ஈட்டிக்கு நேராக நின்ற மரம் இங்கே நூலாக வளைந்திருக்கிறது. நம் கிழக்குக் கரை மசூலாப் படகும் இப்படித் தைத்ததுதான், தேங்காய் நார்க் கயிற்றால். சென்னைக்குத் துறைமுகம் வருவதற்கு முன்னால் கப்பலில் வந்த வெள்ளைக்கார துரைகளை அலை தாண்டிக் கரை சேர்த்தது அந்தப் படகு. ஆணி அடித்த படகு அலையில் உடையும், தைத்த படகு நெளிந்து கொடுக்கும். இந்தக் கணக்கு இங்கேயும் தெரிந்திருக்கிறது.

இன்னொன்றும் அங்கே படித்தேன். சில தையல்கள் அறுந்துபோகவில்லை, அறுத்திருக்கிறார்கள். மேல்பலகைகளைப் பிரித்து எடுத்துக்கொண்டு படகை வேண்டுமென்றே விட்டுப் போயிருக்கிறார்கள். ஏன், யார்? அந்த வெட்டு வாயை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பூட்டுகிற நேரம் என்று ஊழியர் வந்து மெதுவாகச் சொன்னார். நகர்ந்தோம். இரவு போர்ட்ஸ்மத்துக்குப் போய்ச் சேர மணி ஒன்பதரை.

அக்டோபர் 11, சனி. போர்ட்ஸ்மத்

தங்கிய இடம் ஒரு அம்மாள் தன் வீட்டு மாடியில் நடத்தும் இரண்டு அறை. காலைச் சாப்பாட்டு மேசையில் நாலு நாற்காலி புதிது, ஒன்று மட்டும் பழசு. பழசில் உட்காரப் போனேன். "அது என் பாட்டியுடையது, தாராளமாக உட்காருங்கள்" என்றார். விண்ட்ஸர் நாற்காலி. இருக்கை எல்ம் மரம். முதுகைச் சுற்றிவரும் வளைவும் குச்சிகளும் யூ. நீராவியில் வாட்டி வளைத்தது. தேன் நிறம், நடுவில் சிவப்பு ரேகை, கை பட்டுப் பட்டு வழவழப்பு. சாதாரண விண்ட்ஸருக்கு வேறு மரம் போடுவார்களாம், யூ போட்டது எப்போதும் விலை கூடுதல். நான் முட்டையை விட்டுவிட்டு நாற்காலியின் அடியைக் குனிந்து பார்த்ததில் அந்த அம்மாளுக்கு என் மேல் மதிப்பு கூடிவிட்டது. இன்னொரு டோஸ்ட் வந்தது.

மேரி ரோஸ், எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பல். 1545 ஜூலை 19 அன்று இந்தத் துறைமுகத்துக்கு வெளியிலேயே, அரசர் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, மூழ்கியது. சுமார் 500 பேரில் தப்பியவர்கள் 35 பேர்கூட இல்லை. 1982ல் தூக்கினார்கள். தேதி அக்டோபர் 11. வாசலில் படித்துவிட்டு மாப்பிள்ளையும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். திட்டம் போட்டு வரவில்லை.

கப்பலில் கிடைத்த வில்கள் 172. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 மீட்டர், என்னைவிட ஒரு சாண் உயரம். 437 வருஷம் கடலடிச் சேற்றில் கிடந்தும் பல முழுசாக இருக்கின்றன. அம்புகள் ஆயிரக்கணக்கில், அவை பெரும்பாலும் பாப்லர் மரம். இந்த வில்லை இழுக்க 45 கிலோவிலிருந்து 80 கிலோவுக்கு மேல் வரை விசை வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வாங்கும் 25 கிலோ அரிசிச் சிப்பம் மூன்றை விரலில் தொங்கவிட்டு, காதுவரை இழுத்துப் பிடிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பையனாக இருக்கும்போதே பழக வேண்டிய வேலை. சில எலும்புக்கூடுகளில் தோள்பட்டை எலும்பின் நுனி ஒட்டாமலே இருக்கிறதாம், சின்ன வயதிலிருந்து வில் இழுத்ததால் இருக்கலாம் என்கிறார்கள்.

அங்கே நின்ற ஒரு முதியவர், சம்பளமில்லாமல் வந்து விளக்கம் சொல்பவர், நான் அன்று கேட்காமல் விட்ட சந்தேகத்தைத் தீர்த்து வைத்தார். மாப்பிள்ளை சர்ச் மரக் கதையைச் சொன்னதும் அவர் தலையை ஆட்டினார். நல்ல வில்லுக்கட்டை இங்கே கிடைக்கவில்லை, கடல் தாண்டித்தான் வந்தது என்றார். 1472ல் சட்டமே போட்டார்கள்: இங்கிலாந்துக்குச் சரக்குக் கொண்டுவரும் கப்பல், ஒவ்வொரு டன் சரக்குக்கும் 4 வில்லுக்கட்டை கொண்டுவர வேண்டும். பிறகு வந்த மூன்றாம் ரிச்சர்ட் 1484ல், ஒயின் பீப்பாய் ஒன்றுக்குப் பத்துக் கட்டை என்று ஏற்றிவிட்டார். ஆல்ப்ஸ் மலைப் பக்கத்துக் காடுகளில் யூ மரம் அருகிப்போகிற அளவுக்கு வெட்டு. ஆக, ஊரெல்லாம் பெருமை பேசும் ஆங்கிலேய வில், வெளிநாட்டு மரம்.

மாப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை. நானும் "முந்தாநாளே நெனச்சேன்" என்று சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

வெளியே வந்து 16 பவுண்டுக்கு மீன் வறுவல் வாங்கினேன். இரண்டாவது வாயில் கடற்காக்கை ஒன்று பெரிய துண்டாகப் பார்த்துத் தூக்கிக்கொண்டு போனது. பக்கத்து பெஞ்சுக்காரர் எழுந்து வந்து, தன் தட்டிலிருந்து சிப்ஸ் எடுத்துக்கொள்ளச் சொன்னார். வேண்டாம் என்று சொன்னபிறகும் நின்றுகொண்டே இருந்தார். இரண்டு எடுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு. கிங்க்லி வேல்

சிசெஸ்டர் ஊருக்குப் பக்கத்தில் யூ மரங்களே காடாக நிற்கும் இடம். 1952லிருந்து இயற்கைக் காப்பகம். கடை இல்லை, கழிப்பறை இல்லை. எலுமிச்சை சாதம் கட்டித்தர வீட்டில் ஆளில்லாததால் ரொட்டியும் சீஸும் வாங்கிக்கொண்டோம். புதிதாக 30 பவுண்டுக்கு வாங்கிய ரப்பர் பூட்ஸ் காலைக் கடித்தது.

வெயிலில் புல்வெளி நடந்து உள்ளே நுழைந்தால் சட்டென்று மாலை ஆறு மணி. தரையில் ஒரு புல் இல்லை, சிவந்த சருகு மட்டும். கிளைகள் மேலே போவதற்குப் பதில் கீழே இறங்கி, மண்ணைத் தொட்டு, முழங்கை ஊன்றி, மறுபடி எழுகின்றன. எது அடிமரம், எது கிளை என்று தெரியவில்லை. மாப்பிள்ளை கூடத் தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தார். மேலே எங்கோ பறவைகள் பழம் தின்றுகொண்டிருந்தன. அவை சதையை ஜீரணித்து விதையை உடைக்காமல் போட்டுவிடுவதால் விஷம் ஏறுவதில்லை.

அங்கே உட்கார்ந்திருந்தபோது எங்கள் அண்ணி நினைவுக்கு வந்தார். அவருக்கு ஏறிய புற்றுநோய் மருந்தின் சீட்டில் பேக்ளிடாக்செல் என்று எழுதியிருந்ததை நான்தான் மருந்துக்கடையில் தப்பும் தவறுமாக வாசிப்பேன். அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் யூ மரத்தின் பட்டையிலிருந்து 1960களில் கண்டெடுத்தது அது. இங்கே வளரும் யூவின் இலையிலிருந்தும் அந்த மருந்துக்கு மூலப்பொருள் எடுக்கிறார்கள். அண்ணி இப்போது நன்றாக இருக்கிறார். படம் எடுத்து அனுப்பினேன். "கருவேலங்காடு மாதிரி இருக்கே" என்று பதில் வந்தது.

போ ஹில், அதாவது வில் மலை, உச்சிவரை ஏறினோம். வெண்கலக் காலத்து ஈமத் திட்டுகள், தூரத்தில் கடல். இறங்கும்போது மழை பிடித்தது, சறுக்கி உட்கார்ந்தேன். நாயோடு வந்த பெண் ஓடிவந்து தூக்கிவிட்டு, என் பேன்ட் பின்னால் எவ்வளவு சேறு என்பதை மட்டும் நாகரிகமாகப் பார்க்காமல் இருந்தார்.

திரும்பும் வழியில் ஒரு ஊர்த் திடலில் ஞாயிற்றுச் சந்தை. கூடாரத்துக்குக் கீழே வில் செய்பவர் ஒருவர். காலால் மிதித்தால் கட்டையைப் பிடித்துக்கொள்ளும் மரக்குதிரை மேல் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் பிடி வைத்த கத்தியைத் தன்னை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தார். காலடியில் ஆரஞ்சு நிறச் சீவல். வாயில் முகமூடி, இந்தத் தூளும் ஆகாதாம்.

நான் தச்சர் மகன் என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். உடனே வில் செய்பவர் கட்டையை என் கையில் கொடுத்துவிட்டார். அதன் வெட்டு முகத்தைப் பார்த்தேன். வெளிப்பக்கம் கடுகு தடிமனுக்கு மேல் கொஞ்சம் வெள்ளை, உள்ளே செம்பழுப்பு வைரம். எங்கள் அப்பா பட்டறையில் முதல் பாடமே, "வெள்ளையைச் செதுக்கித் தள்ளு, அது உளுத்துப்போகும்" என்பதுதான். வெள்ளை ஒட்டிய பலகையில் நான் ஒருமுறை ஜன்னல் சட்டம் அடித்துவிட்டு வாங்கிய அடி இன்னும் மறக்கவில்லை. இவரோ பட்டையை மட்டும் உரித்துவிட்டு, அந்த வெள்ளையை நகத்தால் தொட்டுத் தொட்டுக் காப்பாற்றுகிறார். ஒரே வளையத்தை நுனிவரை பின்பற்றிப் போக வேண்டும், நடுவில் வெட்டுப்பட்டால் வில் அங்கேதான் ஒடியும் என்றார்.

வெள்ளை எதிரியைப் பார்த்து இருக்கும், சிவப்பு வில்லாளியைப் பார்த்து. வளைக்கும்போது வெள்ளை நீண்டு கொடுக்கும், வைரம் அமுங்கிக் கொடுக்கும். இரண்டு மரத்தை ஒட்டிச் செய்ய வேண்டியதை மரமே ஒட்டி வைத்திருக்கிறது. வளைந்த சர்ச் மரம் ஏன் ஆகாது என்பதற்கு இரண்டு துண்டு எடுத்துக் காட்டினார். இந்த ஊரில் வளர்ந்ததில் வளையங்கள் அகலம். மலையில் குளிரில் வளர்ந்ததில் எண்ணவே முடியாதபடி நெருக்கம்.

இழுத்துப் பாருங்கள் என்று பழகுவோருக்கான வில்லைக் கொடுத்தார், 20 கிலோதான். நாண் என் மூக்குவரை வந்தது. மாப்பிள்ளைக்கு நெஞ்சுவரை. 1363ல் மூன்றாம் எட்வர்ட், ஞாயிறும் திருநாளும் ஆண்கள் எல்லாரும் வில் பழக வேண்டும் என்று ஆணை போட்டாராம். இன்று ஞாயிறு, எங்கள் பங்கு முடிந்தது.

கிளம்பும்போது ஒரு முழத் துண்டு விலைக்குக் கேட்டேன். வில்லுக்கு ஆகாத முடிச்சுக் கட்டை, 5 பவுண்ட். அப்பாவின் அரையங்குல உளிக்குப் பிடி பிளந்து ரொம்ப நாளாகிறது.

அக்டோபர் 13, திங்கள். குரோஹர்ஸ்ட், இந்தமுறை சரே

மாப்பிள்ளை அஞ்சல் குறியீட்டை இரண்டு தடவை அடித்தார். நான் மூன்றாவது தடவை சரிபார்த்தேன்.

மதியம் இரண்டே முக்காலுக்குப் பசியோடு ஒரு பப்பில் நுழைந்தால், சமையலறை இரண்டரைக்கே மூடியாகிவிட்டது. உப்புக் கடலை மட்டும் கிடைத்தது. அதையும் தின்றுகொண்டே சர்ச்சுக்குப் போனோம். ஆளில்லை. சின்ன ஊர், சின்ன சர்ச், பக்கத்தில் அந்த மரம். சுற்றளவு சுமார் 10 மீட்டர். அதில் கீல் வைத்த சின்னக் கதவு, வீட்டுக் கொல்லைப்புறக் கதவு மாதிரி. 1820ல் ஊர்க்காரர்கள் உள்ளே குடைந்து சுத்தம் செய்து, உட்கார இருக்கையெல்லாம் போட்டிருக்கிறார்கள். குடையும்போது மரத்துக்குள்ளிருந்து பீரங்கிக் குண்டு ஒன்று கிடைத்ததாம். எந்தச் சண்டையில் பட்டதோ, மரம் அதை மூடி வளர்ந்துவிட்டது.

தலையைக் குனிந்து உள்ளே நின்றேன். ஈரமண் வாசனை, மேலே ஓட்டை வழியாகக் கொஞ்சம் வானம். சுவரைத் தடவினேன். வெளியே உயிருள்ள மரம், உள்ளே வைரம் முழுக்க மக்கிக் காலி. அப்பா சொன்னதற்கு நேர்மாறாக, இங்கே வைரம் போய் வெள்ளை நிற்கிறது.

"மாமா, உள்ள நின்னு ஒரு போட்டோ" என்றார் மாப்பிள்ளை. எடுத்ததில் என் பாதி முகமும் கதவின் கீலும் விழுந்திருக்கிறது.

இரவு வீட்டில் பேரன் கட்டையை எடுத்து வாயருகே கொண்டுபோக, மகள் போட்ட சத்தத்தில் அது அலமாரியின் உச்சித் தட்டுக்குப் போய்விட்டது. ஊருக்குத் தொலைபேசினேன். வீட்டம்மா முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "பாதாமும் சாக்லேட்டும் வாங்கிட்டு வரச் சொன்னா, விறகு வாங்கி வச்சிருக்கீங்க. பெட்டியில எடை எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாத்தீங்களா?"

சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 640 கிராம்.